அம்மா மடக்கிப் பார்த்த வண்டி

"நாங்கல்லாம் அஞ்சாறு பிள்ளைங்கள இடுப்புலயே தூக்கி வளர்த்தோம். இப்ப ஒண்ணப் பெத்துட்டு அதுக்கு ஒரு வண்டி வேற." சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா முறை வேண்டிய ஒருவர் சொன்னது இது. என் மகள் ஸ்ட்ரோலரில் தூங்கிக்கொண்டிருந்தாள், என் அம்மா அதை மண்டபத்து ஓரமாக மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். சொன்னவர் நல்ல மனுஷர், குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த 'தூக்கி வளர்த்தோம்' மனதை விட்டு இறங்கவே இல்லை. அவர் யாரையும் தூக்கி வளர்க்கவில்லை. வளர்த்தது பெரியம்மா. பெரியம்மாவுக்குக் கை ஓய்ந்தபோது தூக்கியது அவர்களுடைய மூத்த மகள். அவளுக்கே அப்போது பத்து வயது இருந்தால் அதிகம். அதே மண்டபத்தில் பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

குழந்தையைத் தூக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பசிக்கு அழும்போதும் பயந்து அழும்போதும் தோளில் போட்டுக்கொள்வதற்கு ஈடு எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் தூளியும் உண்டு, இடுப்பும் உண்டு. நான் சொல்வது வெளியே கிளம்பும் நேரத்தைப் பற்றி. ஏழெட்டுக் கிலோ குழந்தை, தோளில் பை, பையில் தண்ணீரும் டயப்பரும் மாற்றுத்துணியும், போதாததற்குக் கையில் காய்கறி. இந்தப் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்காமல் பேசப்படும் ஸ்ட்ரோலர் பேச்சு எல்லாமே எனக்குப் பாதிப் பேச்சாகத்தான் தெரிகிறது. வேண்டாம் என்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள், எந்த மாடல் நல்லது என்று பட்டியல் போடுபவர்களும் அப்படித்தான்.

பகலில் வீட்டில் யார்

சட்டப்படி கிடைக்கும் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அம்மா மன்னார்குடியிலிருந்து வந்தார். அசோக் நகரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரில் அம்மா ஓர் இடத்தில் உட்காரும் ஆள் இல்லை. காலையில் ராஜகோபாலசுவாமி கோயில், சாயங்காலம் ஹரித்ராநதிக் கரை, நடுவில் கடைத்தெரு, அங்கங்கே நின்று நாலு பேரிடம் பேச்சு. இங்கே வந்த பிறகு பகல் முழுக்க பால்கனிக் கம்பிதான் அவருடைய எல்லை. "இறங்கினா ஏறணுமேடி" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

கொஞ்ச நாளில் அவருக்கு வலது கை கட்டைவிரல் அடியில் வலி வந்தது. தோசைக் கரண்டியைத் திருப்பும்போது முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மருத்துவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "வீட்ல கைக்குழந்தை இருக்கா?" அதற்கு டி குவெர்வெய்ன் என்று பெயர் சொன்னார். சுவிட்சர்லாந்துக்கார அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் 1895-ல் விவரித்த தசைநாண் வீக்கம். அவர் பெயரே நின்றுவிட்டது. குழந்தையின் இரண்டு அக்குளிலும் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்குகிறோம் இல்லையா, அந்தத் தூக்கல் திரும்பத் திரும்ப நடக்கும்போது மணிக்கட்டு ஓரத்துத் தசைநாண்கள் அழுந்துகின்றன. புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் பேரப்பிள்ளை பார்ப்பவர்களுக்கும் சகஜமாக வருமாம். மணிக்கட்டுப் பட்டை போடுங்கள், கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். எட்டு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் கைக்கு எங்கிருந்து ஓய்வு?

ஸ்ட்ரோலர் வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

விவரப் பட்டியலில் இல்லாத ஆள்

என் கணவர் எதையும் படித்துவிட்டுத்தான் வாங்குவார். ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு ஷீட் தயார் செய்தார், உருப்படியான ஷீட்தான். தானாக உட்கார வராத குழந்தைக்கு, அதாவது முதல் ஆறு மாதம் வரை, சாய்மானம் ஏறக்குறைய மட்டமாகப் படுக்க வேண்டும். நிமிர்ந்த இருக்கை ஆகாது. வார்ப்பட்டை தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்க வேண்டும். நடுப்பட்டை இல்லாவிட்டால் தூக்கத்தில் குழந்தை அப்படியே வழுக்கிக் கீழே இறங்கிவிடும். ஒரே மிதியில் பின்சக்கரம் இரண்டும் பூட்ட வேண்டும். முன்சக்கரம் நாலு பக்கமும் திரும்பினால் கடைக்குள் வசதி. மேடுபள்ளத்தில் அதையே நேராகப் பூட்டிக்கொள்ள முடிந்தால் இன்னும் வசதி. இத்தனையும் சரியான தகவல். ஆனால் தயாரிப்பாளர்கள் தரும் விவரங்களில் குழந்தையின் எடை இருக்கிறது, வயது இருக்கிறது, துணியின் நிறம்கூட இருக்கிறது. தள்ளுகிற ஆள் எங்கேயும் இல்லை. அவருடைய உயரம் என்ன, காலில் என்ன போட்டிருக்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், வீட்டு வாசலுக்கு எத்தனை படி என்று எந்தப் பெட்டியும் கேட்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி உண்டு. இன்றைக்குக் குடை மாதிரி மடங்கும் இலேசான வண்டி எல்லாக் கடையிலும் தொங்குகிறதே, அதை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரக் கால்களில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த மகள், பேத்தியோடு சேர்த்துப் பாரமான வண்டியையும் இழுத்துக்கொண்டு விமானம் ஏறி இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் அலுமினியக் குழாயில் மூன்று கிலோகூட இல்லாத வண்டியைச் செய்தார். அவரை உறுத்தியது பேத்தியின் சொகுசு அல்ல, தூக்கிச் சுமந்த மகளின் கை. ஒரு தாத்தா அப்படி யோசித்துச் செய்த பொருள், அறுபது வருஷத்தில் கப் ஹோல்டர் இருக்கிறதா, இருக்கை திரும்புமா என்ற கணக்குக்குள் போய்விட்டது.

ஷீட்டில் முதலில் வந்தது பதினொரு கிலோ வண்டி. பெரிய சக்கரம், நல்ல சஸ்பென்ஷன், இருக்கையை நம்மைப் பார்த்தும் ரோட்டைப் பார்த்தும் மாட்டலாம். கார் சீட்டும் அதிலேயே பொருந்தும். விலை ஐந்து இலக்கத்தில். அதைப் பார்ப்பதற்காகத்தான் தி. நகரில் ஒரு கடைக்குப் போனோம். கூடவே அம்மாவும் வந்தார். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லை, வேறு காரணம் இல்லை.

கடையில்

விற்பனைப் பையன் கெட்டிக்காரன். வண்டியை ஒரு சுற்று சுற்றிக் காட்டி, குனிந்து, இரண்டு பக்கமும் இருந்த பிடிகளை ஒரே சமயத்தில் இழுத்து, கீழே ஒரு கம்பியைக் காலால் தட்டி, டக்கென்று மடக்கினான். "பாத்தீங்களா சார், மூணே செகண்ட்." என் கணவர் அதே மாதிரி ஒருமுறை மடக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அம்மா அதுவரை பேசவே இல்லை. குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு பொம்மை அடுக்குப் பக்கம் நின்றிருந்தவர் வந்து கேட்டார்:

"தம்பி, பிள்ளைய கையில வெச்சுக்கிட்டு இத எப்படி மடக்குறது?"

பையன், "குழந்தைய யாராச்சும் வாங்கிப்பாங்கள்ல பாட்டி" என்றான். அம்மா, "பகல்ல நான் மட்டும்தான்ப்பா இருப்பேன்" என்றார்.

எங்கள் மூன்று பேருக்குமே அதற்குப் பதில் இல்லை. மாடிப்படி அடியில் ஆட்டோவிலிருந்து இறங்கி நிற்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். குழந்தையை வண்டியிலிருந்து எடுத்தால்தான் வண்டி மடங்கும். எடுத்த குழந்தையைத் தரையில் விட முடியாது. ஆக, மடக்குகிற வேலை எப்போதும் ஒரே கையில்தான் நடக்கப்போகிறது, அதுவும் வலி இருக்கிற வலது கையில். இது தெரிந்த ஒரே ஆளை நாங்கள் யாரும் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் அம்மாதான் தேர்ந்தெடுத்தார். எனக்கு அந்த அரை மணி நேரம் அப்படியே நினைவில் இருக்கிறது. குழந்தையை இறக்காமலே ஒவ்வொரு வண்டியாக மடக்கிப் பார்த்தார். ஒன்றில் பொத்தானை அழுத்தக் கட்டைவிரலுக்குப் பலம் வேண்டியிருந்தது. உடனே தள்ளி வைத்தார். ஒன்று மடங்கியது, ஆனால் தானாக நிற்காமல் சாய்ந்தது. "இத எடுக்க நான் குனியணும்" என்றார். ஒன்றில் பிரேக்கைப் பூட்ட மிதிக்க வேண்டும், விடுவிக்கக் கால் நுனியால் மேலே நெம்ப வேண்டும். ஷூ போட்டவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. அம்மா போட்டிருந்தது ரப்பர் செருப்பு. நெம்பும்போது பெருவிரல் நகம் கம்பியில் இடித்தது. இன்னொன்று தள்ளுவதற்கு நன்றாகவே இருந்தது, ஆனால் பின் அச்சு கால் பக்கமாக வெகுவாக நீட்டிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் புடவைக் கொசுவம் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அம்மா நின்று, புடவையை விடுவித்து, நுனியில் ஏறியிருந்த கறுப்பு மசியைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். கைப்பிடி உயரமும் அப்படித்தான். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. சில வண்டிகளின் கைப்பிடி அவர் மார்புக்கு வந்தது. அதைப் பிடித்துத் தள்ளினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், மருத்துவர் வேண்டாம் என்றதே அந்த மடிப்பைத்தான்.

கடைசியில் நின்றது ஆறு கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு வண்டி. கைப்பிடி நடுவில் ஒரு பொத்தான், அழுத்தித் தள்ளினால் மூன்றாக மடிந்து பெட்டி போல் தானாக நிற்கிறது, தோளில் மாட்ட ஒரு பட்டை. அம்மா அதை வலது தோளில் மாட்டிக்கொண்டு, பேத்தியை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, கடையின் மாடிப்படியில் ஏறப்போகிறேன் என்றார். பையன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான். மேலே போய், நின்று, இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. "ஏற முடியுது. இது போதும்" என்றார்.

அந்த வண்டியில் குறைகள் உண்டு. சக்கரம் சின்னது, இருக்கை ஒரே பக்கம்தான் பார்க்கும், அடிக்கூடையில் பெரிய பை எதுவும் வைக்க முடியாது. முழுக்க மட்டமாகவும் படுக்காது. எங்கள் மகளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதால் அது இடிக்கவில்லை. கீழேயே விட்டு வைக்க ஓர் இடம் இருந்திருந்தால் எடையைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டோம். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு அடியில் மோட்டார் இருக்கிறது, பெருமழை வந்தால் தண்ணீரும் அங்கேதான் நிற்கும். ஆக, மூன்று மாடியும் தூக்கித்தான் ஆக வேண்டும்.

தெருவில் இறங்கினால்

வண்டி வந்த பிறகு அம்மாவோடு நடந்தபோதுதான் எனக்கு எங்கள் தெருவே சரியாகத் தெரிந்தது. நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் பேரவையின் 2012 வழிகாட்டி சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. கொள்கை நல்லதுதான். ஆனால் ஒரு வீட்டு வாசல் சரிவு, ஒரு மின்பெட்டி, ஒரு டீக்கடை ஸ்டூல், அடுத்தடுத்து நிற்கும் பைக்குகள் என்று நடைபாதை துண்டு துண்டாகக் கிடக்கிறது. பைக் ஏறாமலிருக்க நட்ட குத்துக்கல் வரிசையில் சில இடங்களில் ஸ்ட்ரோலரும் நுழையாது, சக்கர நாற்காலியும் நுழையாது. அம்மா பாதி தூரம் சாலை ஓரத்திலேயே தள்ளுகிறார். திண்டில் ஏற்ற வேண்டி வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு, பெரிய பாரம் தாங்கும் பின்சக்கரத்தை முதலில் ஏற்றி, பின்பக்கமாக இழுக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பக்கமாக ஏற்ற முயன்றால் சின்னச் சக்கரம் இடித்து நின்று குழந்தை முன்னால் குலுங்குகிறது என்பதைக் கையிலேயே தெரிந்துகொண்டார்.

நன்றாகப் போகும் இடங்களும் இருக்கின்றன. மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, அகலமான கதவும் இருக்கிறது. வடபழனிக்கு ஒரே நிறுத்தம். 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் ஒரு தடவைகூட வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்க 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில், கீழே ரங்கநாதன் தெருவில் ஆள் நசுங்கும் நேரத்திலும், மேலே காற்றோட்டமாகத் தள்ளலாம். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தள மாநகரப் பேருந்துகள் ஓடுகின்றன. இதை நான் மறக்காமல் சொல்ல விரும்புகிறேன்: அந்தப் பேருந்துகள் குழந்தை வைத்திருப்பவர்கள் கேட்டு வந்தவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்காக நீதிமன்றப் படியேறிப் போராடியதால் வந்தவை. சக்கர நாற்காலிக்காகப் போட்ட ஒவ்வொரு சரிவிலும் என் மகளின் வண்டி ஏறுகிறது. குத்துக்கல்லைப் பற்றிப் புகார் எழுதும்போது நான் முதலில் சக்கர நாற்காலியைத்தான் குறிப்பிடுகிறேன்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரோட்டில் தினமும் பார்க்கிறேன். வெயில் படாமலிருக்க வண்டியின் மேல் துண்டையோ துப்பட்டாவையோ முழுசாகப் போர்த்திவிடுகிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். காற்று போக வழியில்லாமல் உள்ளே வெப்பம் ஏறும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்விலும் உலர்ந்த துணி போர்த்திய வண்டிக்குள் வெப்பம் கூடத்தான் செய்தது. ஈரத்துணி போர்த்தியபோதுதான் குறைந்தது, சின்ன மின்விசிறியும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. சென்னைப் புழுக்கத்தில் ஈரத்துணி காய்வதே சிரமம், அதனால் அதையும் நான் பெரிதாக நம்பவில்லை. அம்மா ஐந்து மணிக்கு மேல்தான் இறங்குகிறார். மேல் மறைப்பை விரித்து, கொசுவலையை மட்டும் போட்டுக்கொள்கிறார்.

இன்னொன்று, கீல். மடங்கும் எந்தப் பொருளிலும் விரல் மாட்டும் இடம் இருக்கும். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் வண்டிகள் இதற்காகவே திரும்பப்பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. கீலை மூட உறை கொடுத்தார்கள். பழைய வண்டியை அக்கம்பக்கத்தில் வாங்குவது நல்ல காரியம்தான், பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஆனால் வாங்கும்போது துணியின் கறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, விரித்து மடக்கி, கீல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா, வார்ப்பட்டைக் கொக்கி இறுக்கமாக மாட்டுகிறதா என்றும் பாருங்கள். கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குழந்தையை எடுத்த மறுநொடி வண்டி பின்னால் கவிழும். குழந்தை உள்ளே இருக்கும்போதே கவிழ்வதும் உண்டு.

அம்மா இப்போது பெரும்பாலான சாயங்காலங்களில் வெளியே போகிறார். பூங்காவில் அவருக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் பேரப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் விஜயவாடா. வண்டி வருமுன் மூன்று மாதம் ஒரே கட்டடத்தில் இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது கீரைக்காரம்மாவின் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை எனக்கு வந்து சொல்கிறார். கட்டைவிரல் வலி முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். "அக்கா, பாப்பாவுக்கு வாங்கின அதே வண்டிய எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்றான். நான் சரி என்று சொல்லும் முன்பே அம்மா போனை வாங்கிவிட்டார். "அது உனக்கு எதுக்குடா? நம்ம வீட்ல படியா இருக்கு? திண்ணைய விட்டு இறங்கினா தெரு. அந்தச் சின்னச் சக்கரம் நம்ம தெரு ஜல்லியில ரெண்டடி போகாது. பொறந்த பிள்ளைக்குப் படுக்கவும் வராது." தம்பி ஏதோ சொன்னான். "வண்டிய நீயா தள்ளப்போற? அவகிட்ட குடு போன" என்றார் அம்மா. அப்புறம் மருமகளும் மாமியாரும் வெகு நேரம் பேசினார்கள். காலையில் வாசலில் நின்று பிள்ளையை வெயிலில் காட்டப் போகிறாளா, கோயில் வரை நடக்கப் போகிறாளா, செருப்பு என்ன, நைட்டியா சுடிதாரா என்று கேள்வி மேல் கேள்வி. தம்பி மனைவி பெரிய சக்கரம் வைத்த வண்டிதான் வேண்டும் என்கிறாள். எடை பத்துக் கிலோ இருந்தாலும் பரவாயில்லையாம், திண்ணை ஓரத்திலேயே நிற்கட்டும் என்கிறாள். தஞ்சாவூரில் ஒரு கடை இருக்கிறதாம், வளைகாப்பு முடிந்ததும் அவளே போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.